மாதிரி முடி

மே 6

முதல் வாரம் முடிந்தது. மூன்று முறை குளித்தும் வாடை போகவில்லை.

வாடையில் மூன்று அடுக்கு. மேலே அம்மோனியா. நடுவில் நனைந்த ஆடு. அடியில் ஏதோ ஒரு மனிதத் தலை. கடைசி அடுக்கைத்தான் தாங்க முடியவில்லை. முதல் இரண்டும் வேதியியல்.

கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் செம்மறி ரோமத்துக்குச் சாயம் ஏற்றினேன். எங்கள் ஆய்வகத்துக்கு வரும்போது அது கொழுப்பு நீங்கி, சீவி, வெள்ளை உருண்டையாக இருக்கும். எந்த ஆடு என்று யாரும் கேட்டதில்லை. ரோமமும் மனித முடியும் கெரட்டின். அமிலக் குளியலில் இழை நேர்மின்னேற்றம் பெறும்; எதிர்மின்னேற்றமுள்ள சாயம் வந்து ஒட்டும். ஆட்டுக்கும் ஆளுக்கும் ஒரே சமன்பாடு. தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

இங்கே தலைமுடி. நாளொன்றுக்கு நானூறு கிலோ. வெளுத்து, சாயம் ஏற்றி, பெட்டியில் அடுக்கி, கப்பலில் போகிறது. சென்னைக்கு வடக்கே தொழிற்பேட்டையின் கடைசி வரிசை. எங்களுக்குப் பின்னால் முள்காடுதான். என் பதவி கெமிஸ்ட். அம்மா கேட்டபோது சாயப்பட்டறை என்றேன். பொய் இல்லை.

மே 9

பிரிப்புக் கூடம். அறுபது பெண்கள் தரையில், தலையில் துணி கட்டிக்கொண்டு. நடுவில் முடி, ஆள் உயரத்துக்கு.

சரக்கு இரண்டு வகை. ஒன்று கோயிலில் மொட்டையடித்த நீள முடி. நூலால் கட்டிய கட்டு, வேர்முனை ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம். இன்னொன்று சிக்கு. சீப்பிலிருந்து எடுத்து, விரலில் சுற்றி, சன்னல் இடுக்கில் செருகி வைத்து, முடி வாங்குகிறவன் தெருவில் வரும்போது கொடுத்த உருண்டை. ஆயிரம் வீட்டின் சீப்பு ஒரே சாக்கில். ஈர், பொடுகு, குங்குமம், சாயம், சோற்றுப் பருக்கை. ஒரு உருண்டைக்குள் ஒரு பால்பல் இருந்ததாம்.

கூடத்தின் மூத்த ஆள் தேசம்மா. பத்தொன்பது வருடம். விரலால் ஒரு முடியை உருட்டிப் பார்த்தே வேர் எது, நுனி எது என்று சொல்கிறார்.

“இன்னா சார், மூக்க மூடிகினு வந்துக்கீற? உங்க வூட்ல யாருக்கும் தலையே கெடையாதா?”

அறுபது பேரும் சிரித்தார்கள். ஒரு உருண்டையை என் பக்கம் நீட்டினார்.

“புடிச்சிப் பாரு சார். கடிக்காது.”

வேலை இருக்கிறது என்று வந்துவிட்டேன்.

மே 12

என் வேலை இது. எழுதி வைத்தால் எளிதாகத் தெரிகிறது.

வெளுக்கும் தொட்டியில் பெராக்சைடும் அம்மோனியாவும் இருக்கும். கறுப்பு போய் வைக்கோல் நிறம் வந்த பிறகுதான் அதன்மேல் பழுப்போ செம்பழுப்போ ஏறும். ஆனால் நரை மறைக்கும் மைகளில் சிலவற்றில் உலோக உப்பு உண்டு. அது இழைக்குள்ளேயே தங்கிவிடும். பெராக்சைடு பட்டால் அந்த உலோகம் பெராக்சைடைச் சிதைக்கும்; சூடு, நுரை, நீராவி. இரண்டு முடியில் என்றால் வேடிக்கை. நாற்பது கிலோவில் என்றால் கொதிகலன்.

அதனால் விதி: ஒவ்வொரு லாட்டிலும் பத்து சாக்கு. சாக்கின் ஆழத்திலிருந்து மாதிரி. சோதனைக் குழாயில் அரை மணி நேரம். சூடு இல்லை, குமிழி இல்லை என்றால் கையெழுத்து. சோதித்த முடி ஒன்றைப் பதிவேட்டில் அந்த லாட்டின் பக்கத்தில் ஒட்ட வேண்டும்.

இன்று சிக்குச் சாக்கு. கையுறை போட்டுக்கொண்டு முழங்கை வரை விட்டேன். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. தலையை இப்போதுதான் யாரோ எடுத்துக்கொண்டு போனதுபோல.

கழிப்பறை வரை வாந்தியை அடக்கிக்கொண்டேன். அவ்வளவுதான் முடிந்தது.

மே 13

ஒரு வழி கிடைத்தது. சாக்கைத் தொட வேண்டியதில்லை.

லாட் 23 சரி. லாட் 24 சரி.

மே 20

சாயத் தொட்டி ஏழுமலையின் கையில். தேசம்மாவின் கணவர். வெளுப்பதும் அவர்தான், ஏற்றுவதும் அவர்தான். கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொட்டியருகே போகமாட்டார். எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது. அவரை விடவும்.

நாற்பது பாகையில் தொடங்கி, நிமிடத்துக்கு ஒரு பாகையாக எண்பது வரை. அமிலத்தை இரண்டு தவணையாக. அவசரப்பட்டால் திட்டுத்திட்டாக ஏறும். இன்னொரு சிக்கல் நுனி. மூன்றடி முடியில் வேருக்கு வயது ஒரு மாதம், நுனிக்கு ஆறு வருடம். ஆறு வருட வெயிலில் காய்ந்த நுனி சாயத்தை முந்திக்கொண்டு குடிக்கும். ரோமத்திலும் இதே தொல்லை. ஆட்டின் முதுகு பார்த்த வெயில் துணியில் கோடாகத் தெரியும். அதற்கு ஒரு துணைப்பொருள் உண்டு என்று ஏழுமலையிடம் சொல்ல ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் இன்னாத்துக்கு சார்? வேர மட்டும் ரெண்டு நிமிசம் முன்னாடி குளிப்பாட்டிட்டு அப்பாலிக்கா நுனிய வுடறேன். ரெண்டும் ஒண்ணா வந்து நிக்கும். உங்க புக்குல கீதா இது?”

“இல்லை.”

“எழுதிக்கோங்க. என் பேரையும் போடுங்க.”

குறித்துக்கொண்டேன். பேரைப் போடவில்லை.

மசால் வடையைப் பிட்டுப் பாதியைத் தந்தார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வெளியே வந்து சாக்கடையில் எறிந்தேன். சாக்கடையிலும் முடி. நீர் ஓடும் திசையில் சீவிவிட்டதுபோலக் கிடந்தது.

மே 27

மெஸ்ஸில் இடியாப்பம். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

ஜூன் 2

முடி வெட்டிக்கொண்டேன். கடைக்காரர் காதுக்குப் பின்னால் விரலை வைத்து நின்றார்.

“இன்னா சார், இந்த எடத்துல காசு சைசுக்குக் காலியா கீது? பூச்சிவெட்டா?”

“இல்லை.”

“சின்ன வெங்காயத்த நசுக்கித் தேய்ங்க. வளந்துடும்.”

தேய்ப்பதாகச் சொன்னேன். தரையில் விழுந்த என் முடியைப் பார்க்கக் குமட்டவில்லை. அதை மட்டும் கவனித்தேன்.

ஜூன் 6

லாட் 55 முதல் 58 வரை சரி.

பொது மேலாளர் வரதராஜுலு அறைக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்தார். பழைய கெமிஸ்ட் மாதத்துக்கு இரண்டு லாட்டாவது நிறுத்தி வைத்துவிடுவாராம்.

“நீங்க வந்த நேரம் தம்பி, சரக்கே சுத்தமா வருது.”

காபியில் ஆடை மிதந்தது. குடித்தேன்.

ஜூன் 10

காலை பதினொன்றரை. இரண்டாம் தொட்டி. ஏழுமலை.

இன்று எழுத முடியாது.

ஜூன் 11

லாட் 61. சிக்கு. தொட்டியில் நாற்பது கிலோ.

நான் ஆய்வகச் சன்னலில் நிற அட்டையைப் பிடித்து, ஒரு செம்பழுப்பை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். உலை பொங்கி அடுப்பில் வழிகிறபோது வரும் சத்தம். ஆனால் பெரிதாக. கதவுக்கு வந்தபோது தொட்டியிலிருந்து நுரை எழுந்துகொண்டிருந்தது, பாசி நிறத்தில். மேலே நீராவி. ஏழுமலை ஓடியிருக்கலாம். வடிகால் பக்கம் மூன்று பெண்கள் கூடையோடு நின்றார்கள். “தள்ளுங்க, தள்ளுங்க” என்று கத்திக்கொண்டே வடிகால் வால்வைத் திருப்பக் குனிந்தார். அப்போது மொத்தமும் அவர் முகத்துக்கு வந்தது. கண்ணாடி இடப்பக்கம் நழுவிவிட்டது.

குழாயடிக்கு இழுத்துப்போனார்கள். உடம்பு முழுக்க முடி ஒட்டியிருந்தது. பாதி வெளுத்த முடி. கழுத்தில், வாயில், கண்ணில். தேசம்மா பிரிப்புக் கூடத்திலிருந்து ஓடி வந்து விரலால் வழித்து வழித்து எடுத்தார். ஒரு கையில் தண்ணீர்க் குழாய்.

“சார், தலையப் புடி சார். அசையாமப் புடி.”

ஆம்புலன்சுக்குப் போன் செய்ய ஓடினேன். ஏற்கெனவே இரண்டு பேர் செய்திருந்தார்கள். திரும்பி வந்தபோது நிற அட்டை இன்னும் என் கையில் இருந்தது.

இடது கண் பார்வை திரும்புவது கடினம் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். வலது கண்ணைப் பார்க்கலாம் என்கிறார்கள்.

ஜூன் 12

வரதராஜுலு. மேசைமேல் என் பதிவேடு.

“பதினெட்டாம் தேதி தொழிற்சாலை ஆய்வாளர் வர்றார். டெக்னிக்கல் ரிப்போர்ட் நீங்க எழுதணும் தம்பி.”

“என்ன எழுதணும்?”

“நடந்ததை எழுதுங்க. சரக்கு டெஸ்ட் ஆயிருக்கு, உங்க கையெழுத்து இருக்கு. அப்போ தப்பு கலவையில. பெராக்சைடைத் தண்ணி கலக்காம ஊத்தியிருக்கான். சனி ஞாயிறு தண்ணி போடுறவன், திங்கக்கிழமை தெளியாம வந்திருக்கான். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.”

“அன்னிக்குப் புதன்கிழமை சார்.”

“கிழமையா முக்கியம்?” பதிவேட்டைத் தட்டினார். “இதுதான் நம்மளக் காப்பாத்தப்போகுது. எவ்வளவு நீட்டா ஒட்டியிருக்கீங்க!”

ஏழுமலைமேல் தவறு என்றால் வேலை போகும். உதவி எதுவும் வராது. குடித்துவிட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் என்ற பெயர் தங்கும். இதை அவர் சொல்லவில்லை. நான்தான் கணக்காக யோசித்தேன், படிக்கட்டில் இறங்கும்போது.

ஜூன் 13

லாட் 61இல் இறக்காத சாக்கு ஒன்று மிச்சம் இருந்தது. எல்லோரும் போன பிறகு கிடங்குக்குப் போனேன். கையை விட்டேன். தோள்வரை.

ஒரு சோதனை செய்தேன். நாலாவது நிமிடத்தில் குழாயைப் பிடிக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. பச்சை நுரை.

முடிவைப் பதிவேட்டில் எழுதவில்லை. கையை நாலு முறை கழுவினேன். எதற்காகக் கழுவினேன் என்று தெரியவில்லை, முடிக்காகவா.

ஜூன் 15

தேசம்மாவைச் சாட்சிக் கையெழுத்துக்கு என் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். கண்கள் சிவந்திருந்தன. மருத்துவமனையிலிருந்து நேராக வந்திருக்கிறார். நீட்டிய தாளில் ‘குடிபோதையில்’ என்ற சொல் தட்டச்சாகி இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார். கையெழுத்துப் போடவில்லை.

“சரக்கு நல்ல சரக்குன்னு நீ எழுதிக்கீறியாமே. எதுல?”

பதிவேட்டைக் காட்டினேன். வேறு வழி இல்லை. லாட் 61இன் பக்கத்தைப் பார்த்தார். குனிந்து இன்னும் கிட்டப் பார்த்தார். அதற்கு முந்தைய பக்கம். அதற்கு முந்தையது. பிரிப்புக் கூடத்தில் முடியைப் பிரிக்கிற வேகத்தில் திருப்பிக்கொண்டே போனார். லாட் 23இல் நின்றார். 22ஐ ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு மீண்டும் 23.

“இதுக்கு முன்னால ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தலை சார். இங்கேர்ந்து எல்லாம் ஒரே தலை.”

பதிவேட்டை மூடக் கை நீட்டினேன். அவர் பக்கத்தை விடவில்லை.

“கோயில் முடி கத்தியில எறங்கினது. அதுக்கு வேரே இருக்காது. சிக்குல வேர் இருக்கும், ஆனா காஞ்சி சுருங்கிப் பூடும். இதுல பாரு, வேர்ல வெள்ளையா சதை கீது. உயிரோட புடுங்கினது.” ஒட்டுத்தாளின் வெளியே நீண்டிருந்த முனையை இரண்டு விரலில் உருட்டினார். “சுருள் விழுது. இம்மாத்தூண்டு நீளம். ஆம்பள முடி.”

நிமிர்ந்து என் தலையைப் பார்த்தார். காதுக்குப் பின்னால் பார்க்க அவர் நகர வேண்டியிருக்கவில்லை. நான் முகத்தைத் திருப்பியிருந்தேன்.

“எதுக்கு சார்?”

“தொட முடியல.”

“இன்னாத்த?”

“அந்த சாக்கை. அருவருப்பா இருந்தது.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். சிரித்தார். சிரிப்பு இல்லை, மூக்கால் விட்ட காற்று.

“நாங்கல்லாம் சோறு துன்ற கை சார் அது.”

கதவு வரை போய்த் திரும்பினார்.

“நீ இன்னா பண்ணேன்னு யார் கிட்டயும் சொல்லமாட்டேன். எனக்கு அது வாணாம். அவரு குடிக்கல, அளவு தப்பா ஊத்தல. அத்த மட்டும் எழுது. போதும்.”

ஜூன் 16

எழுதிப் பார்க்கிறேன்.

ஏழுமலை சரியான அளவில் கலந்தார், சரக்கு சோதிக்கப்பட்டது, தொட்டி பொங்கியது. மூன்றும் ஒரே தாளில் நிற்காது. முதல் வாக்கியம் உண்மையென்றால் இரண்டாவது விழுந்துவிடுகிறது. தேசம்மா கேட்டது சின்ன விஷயம் என்று நினைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். அல்லது, சின்ன விஷயம் இல்லை என்று தெரிந்தே கேட்டிருக்கிறார்.

மூன்றாவதாக ஒரு காரணம் தேடினேன். வெப்பமானி பழுது. பெராக்சைடு தயாரித்தவன் பிழை. தண்ணீரில் இரும்பு. தண்ணீரில் இரும்பு நன்றாகவே வந்தது. ஒன்றரைப் பக்கம், சமன்பாட்டோடு. படித்துப் பார்த்தேன். இதுவரை நான் எழுதியதிலேயே நல்ல உரைநடை அதுதான்.

வாந்தி வந்தது. இந்த முறை முடி எதையும் தொட்டிருக்கவில்லை.

ஜூன் 18

ஆய்வாளர் ஐம்பது வயதுக்காரர். சட்டைப்பையில் உருப்பெருக்கி. வரதராஜுலு முந்திரி பக்கோடாவும் டீயும் வைத்திருந்தார். ஆய்வாளர் பக்கோடாவைத் தொடவில்லை. பதிவேட்டைத் திறந்து, ஒட்டிய முடிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

“பரவாயில்லை. பல இடத்துல ஒட்டறதே இல்லை. ரிப்போர்ட் எங்கே?”

கொடுத்தேன். முக்கால் பக்கம். வரதராஜுலு அதைப் பார்த்திருக்கவில்லை. காலையில் கேட்டபோது, தட்டச்சில் இருக்கிறது என்று சொல்லியிருந்தேன்.

ஆய்வாளர் படித்தார். மீண்டும் மேலிருந்து படித்தார்.

“‘லாட் 23 முதல் 61 வரை சரக்கிலிருந்து மாதிரி எடுக்கவில்லை’ன்னு போட்டிருக்கே. அப்போ இதில ஒட்டியிருக்கறது?”

“என் முடி சார்.”

“என்னது?”

“என் தலையிலேர்ந்து பிடுங்கினது. அதைத்தான் குழாயில போட்டேன். அதனாலதான் எல்லாமே சரின்னு வந்தது. ஏழுமலை அளவு சரி. நான் சாக்கைத் தொடல.”

ஆய்வாளரின் விரல் இன்னும் லாட் 61இன் மேல் இருந்தது. சட்டென்று எடுத்தார். கைக்குட்டையை உருவி விரலைத் துடைத்தார். நகத்தின் ஓரம் வரை. முப்பத்தொன்பது பக்கமும் தடவியது, யாரோ முகம் தெரியாதவர்களின் முடி என்று இருந்தவரை அவருக்கு ஒன்றும் செய்யவில்லை.

வரதராஜுலு எழுந்துவிட்டார். “தம்பிக்கு உடம்பு சரியில்ல சார். ஒரு வாரமா சாப்பிடல. எழுதினதை வாபஸ் வாங்கிக்குவார்.”

“வாங்கிக்கிறீங்களா?” என்றார் ஆய்வாளர்.

“இல்லை சார்.”

“பின்விளைவு தெரியும்ல?”

“தெரியும்.”

தெரியாது. ஆனால் அப்படித்தான் சொன்னேன்.

வெளியே வந்தபோது பிரிப்புக் கூடத்தின் வாசலில் தேசம்மா நின்றார். செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. நன்றி சொல்வார் என்று என்னுள் ஒருவன் எதிர்பார்த்தான். அவனை எழுதி வைக்கிறேன்.

“அவரு கண்ணு போனது போனதுதான்,” என்றார். உள்ளே போய் உட்கார்ந்து உருண்டையைப் பிரித்தார்.

ஜூன் 19

பணியிடை நீக்கம். சனிக்கிழமை காவல் நிலையத்தில் வாக்குமூலம். அம்மாவுக்குப் போன் செய்து, சாயப்பட்டறை இல்லை என்று ஆரம்பித்தேன்.

ஜூன் 22

மருத்துவமனை. மூன்று நாளாக வாசல் வரை வந்து திரும்பிக்கொண்டிருந்தேன்.

நீள வார்டு, முப்பது கட்டில், டெட்டாலுக்கு அடியில் சீழின் இனிப்பு. ஏழுமலை ஓரக் கட்டிலில். இடது கண்ணில் கட்டு. வலது கண் வீங்கி, இமை ஒட்டி, ஓரத்தில் மஞ்சளாக உறைந்திருந்தது. முகத்தின் பாதி உரிந்து வேறு நிறத்தில். என்ன நிறம் என்று மனம் நிற அட்டையில் தேடியது. எண் 33.

“யாரு?”

“கெமிஸ்ட்.”

பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவைக் குறைத்தார்.

“வூட்ல சொல்லிச்சி,” என்றார் ஏழுமலை. “மொத நாளு உங்கள வெட்டிப் போட்டுரலாம்னு இருந்திச்சி. படுத்துகினே எப்பிடி வெட்றது?”

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“அந்த சாக்க நான் தெனம் ரெண்டு கையாலயும் அள்றேன் சார். எனக்கும்தான் கொமட்டும். வெத்தல போட்டுகினு அள்ளுவேன். ஒரு வார்த்த சொல்லிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேனே.”

அது எனக்குத் தோன்றவே இல்லை. இருபத்தெட்டு நாள். ஒரு முறைகூட.

மணி இரண்டு. அவர் கையால் துழாவிச் சின்னக் குப்பியை எடுத்தார்.

“ரெண்டு மணிக்கு ஒரு தபா வுடணும். அவ சோறு எடுத்தாரப் பூட்டா. நர்ஸ் அந்தாண்ட கீது. எமயத் தொறந்து ரெண்டு சொட்டு. வுடறீங்களா?”

இமையைப் பார்த்தேன். அந்த மஞ்சளை முதலில் துடைக்க வேண்டும். பிறகு விரலால் பிரிக்க வேண்டும். நர்ஸ் எங்கே என்று பார்த்தேன். வார்டின் அந்தக் கோடியில் ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் வருவார். குப்பியை வாங்கினேன். குனிந்தேன்.

அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இருங்க, இருங்க. கையக் கழுவனீங்களா?”

“இல்லை.”

“அடச்சீ. பஸ்சுல வந்த கைய்யி. மொதல்ல போய்க் கழுவிட்டு வாங்க. சோப்பு சன்னல்ல கீது.”

போனேன். சோப்பு சிவப்பு, தேய்ந்து மெலிந்தது, யாருடையதோ முடி ஒன்று அதில் ஒட்டியிருந்தது. முடியை எடுத்துப் போட்டுவிட்டு நுரைத்தேன். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. திரும்பி வந்து ஈரக் கைகளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவருக்குக் கண் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. அவர் முகர்ந்து பார்த்தார்.

“ம்,” என்றார். முகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.